பேச்சு-மொழி நோயியல் படிப்பவர்களுக்கு மூளையின் அமைப்பு: எங்கிருந்து தொடங்குவது?

முதலாம் ஆண்டு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "மூளை உடற்கூறியல் பாடத்தில் நூற்றுக்கணக்கான பெயர்கள். மனப்பாடம் செய்தாலும் ஒரு வாரத்தில் மறந்துபோகிறது. பேச்சு-மொழி சிகிச்சைக்கு இதில் எவ்வளவு தேவை? எந்த வரிசையில் படித்தால் மனதில் நிற்கும்?"

பெயர்கள் மறப்பதற்குக் காரணம், அவை பிடித்துக்கொள்ள ஒரு கொம்பு இல்லாததுதான். பாடநூல்கள் மடல், பள்ளம், மேடு என்று மேலிருந்து கீழே அடுக்கிக்கொண்டே போகின்றன. நம் துறைக்கு வேறொரு வரிசை பொருத்தமாக இருக்கும். ஒரு சொல் காதில் விழுகிறது, புரிகிறது, அதற்கான பதில் வாய்வழியே வெளியே வருகிறது. அந்தப் பாதையிலேயே நடந்து போங்கள். ஒவ்வொரு இடத்திலும் நின்று, "இங்கே அடிபட்டால் எனக்கு எது கேட்கும், எது கண்ணில் படும்?" என்று கேளுங்கள். இப்படிப் படித்த இடத்தின் பெயர் அவ்வளவு சுலபமாக மறக்காது.

நடக்கத் தொடங்கும் முன் ஊரின் வரைபடம் வேண்டும். குத்துச்சண்டைக் கையுறை ஒன்றைப் பக்கவாட்டில் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பெருமூளையின் ஒரு பாதி ஏறக்குறைய அந்த வடிவம்தான். விரல்கள் இருக்கும் முன்பகுதி நெற்றி மடல், அதாவது ஃப்ரான்டல் லோப். புறங்கைப் பகுதி உச்சி மடல், பரைட்டல். மணிக்கட்டுப் பக்கம் பிடரி மடல், ஆக்ஸிபிட்டல். முன்னோக்கி நீட்டியிருக்கும் கட்டைவிரல் பொட்டு மடல், டெம்போரல். கட்டைவிரலுக்கும் விரல்களுக்கும் நடுவே இருக்கும் பிளவுதான் சில்வியன் பிளவு. நம் துறையில் ஒரே ஒரு பிளவின் பெயரைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதையே வைத்துக்கொள்ளுங்கள். மொழிக்கான முக்கியப் பகுதிகள் பெரும்பாலும் இதன் கரையோரத்தில்தான் இருக்கின்றன. கட்டைவிரலைச் சற்று விலக்கினால் உள்ளே ஒளிந்திருக்கும் புறணிப் பகுதி (புறணி என்பது மூளையின் மேலடுக்கு) தெரியும், அது இன்சுலா. இன்னொரு பள்ளம் உச்சியிலிருந்து கீழ்நோக்கி இறங்கி நெற்றி மடலையும் உச்சி மடலையும் பிரிக்கிறது. அது நடுப் பள்ளம், சென்ட்ரல் சல்கஸ். அதற்கு முன்னால் இருக்கும் மேடு தசைகளுக்குக் கட்டளை அனுப்புகிறது, பின்னால் இருக்கும் மேடு தொடு உணர்வை வாங்குகிறது. வரைபடம் இவ்வளவுதான்.

சரி, இப்போது ஒருவரிடம் "உங்க பேரு என்ன?" என்று கேட்கிறோம்.

ஒலி உட்காதின் காக்ளியாவில் நரம்புத் துடிப்பாக மாறி, மூளையிலிருந்து நேராகக் கிளம்பும் கபால நரம்புகளில் எட்டாவதன் வழியே, மூளையையும் தண்டுவடத்தையும் இணைக்கும் மூளைத்தண்டுக்குள் நுழைகிறது. அங்கே சில நிலையங்களைக் கடந்து, மூளையின் ஆழத்தில் இருக்கும் தாலமஸ் வழியாகப் பொட்டு மடலின் மேற்பரப்பில் இருக்கும் ஹெஷல் மேட்டுக்குப் போய்ச் சேர்கிறது. நிலையங்களின் பெயர்களைக் கேட்பியல் பாடத்தில் எப்படியும் படிப்பீர்கள். இங்கே ஒன்று மட்டும் போதும்: மூளைத்தண்டிலேயே இரு காதுகளின் தகவலும் இரு பக்கமும் பகிரப்பட்டுவிடுகிறது. அதனால் ஒரு பக்கப் புறணி சேதமானால் ஒரு காது செவிடாகிவிடாது. பக்கவாதம் வந்தவர் சொன்னதைச் செய்யவில்லை என்றால் "காது கேட்கவில்லை போலிருக்கிறது" என்று வீட்டில் நினைப்பார்கள். பல நேரங்களில் ஒலி நன்றாகவே உள்ளே போயிருக்கும், பொருள்தான் பிரிபட்டிருக்காது.

பொருள் பிரிபடுவதில் பெரும் பங்கு, ஹெஷல் மேட்டுக்குப் பின்னால் பொட்டு மடலின் மேல் மேட்டில் இருக்கும் வெர்னிக்கி பகுதிக்கும் அதைச் சுற்றிய இடங்களுக்கும் உண்டு. கார்ல் வெர்னிக்கி 1874-ல் இதை விவரித்தார். இங்கே அடிபட்டால் பேச்சு நிற்பதில்லை, ஓடிக்கொண்டே இருக்கும். "அதுதான், அவங்க வந்து அதை இப்படி எடுத்து வெச்சுட்டா அப்புறம் அது போயிட்டே இருக்கும்ல, அந்தத் தபரம் எல்லாம் அப்படித்தான்" என்கிற மாதிரி. ஏற்ற இறக்கம் சரி, வேகம் சரி, வினை முடிவுகள்கூடச் சரியான இடத்தில் வந்து உட்காரும். உள்ளே சொல்ல வந்த பொருள்தான் இருக்காது. இல்லாத சொற்கள் நடுவே முளைக்கும். தாம் சொல்வது புரியும்படி இல்லை என்பது பல நேரம் அவருக்கே தெரியாது. கை கால்களில் பலவீனமும் பெரும்பாலும் இருக்காது. அதனால்தான் இவர்களை மனக்குழப்பம் என்றோ மனநோய் என்றோ தவறாக நினைத்துவிடும் ஆபத்து அதிகம். முதல் நாளிலேயே இதைக் கண்டுபிடித்துச் சொல்லக்கூடியவர் நீங்களாக இருக்கலாம். இந்தப் பாடத்தைப் பரீட்சைக்கான பாடமாக மட்டும் படிக்காதீர்கள் என்று நான் கெஞ்சுவது அதனால்தான்.

பதில் உருவாவதற்கு நெற்றி மடலுக்கு வருவோம். 1861-ல் பாரிஸில் பால் ப்ரோகா, லெபோர்ன் என்ற நோயாளியைப் பார்த்தார். எதைக் கேட்டாலும் "டான்" என்ற ஓரசையே அவர் வாயில் வந்தது, ஆனால் சொல்வது பெருமளவு புரிந்தது. அவர் இறந்த பிறகு மூளையைப் பார்த்தபோது இடது நெற்றி மடலின் கீழ் மேட்டில் சேதம் தெரிந்தது. இன்றும் ப்ரோகா பகுதி என்று அதைத்தான் சொல்கிறோம். இங்கே அடிபட்டவரிடம் நேற்று என்ன நடந்தது என்று கேட்டால் "நேத்து... மழை... குடை... இல்ல... பையன்... வண்டி" என்று ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் எடுத்து வைப்பார். பெயர்ச்சொற்கள் வரும். வேற்றுமை உருபும் வினைமுற்றும் உதிரும், இல்லையென்றால் மாறி வரும். என்ன சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரியும், வரவில்லை என்பதும் தெரியும். அந்தத் தவிப்பு முகத்தில் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. "ப்ரோகா பகுதி பேசும், வெர்னிக்கி பகுதி கேட்கும்" என்று இரண்டு பெட்டிகளாக மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். லெபோர்னின் மூளை பாதுகாக்கப்பட்டிருந்தது. 2007-ல் அதன் எம்.ஆர்.ஐ. முடிவுகள் வெளியானபோது, சேதம் மேற்பரப்போடு நிற்காமல் இன்சுலாவையும் ஆழத்தில் ஓடும் நரம்பிழைக் கட்டுகளையும் தாக்கியிருந்தது தெரியவந்தது. ப்ரோகா பகுதி மட்டும் தனியாகச் சேதமானால் பேச்சுச் சிக்கல் பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ நன்றாகத் தேறிவிடும். நீண்ட காலம் நிற்கும் ப்ரோகா அஃபேசியாவுக்கு (மூளைச் சேதத்தால் வரும் மொழிக் குறைபாடுதான் அஃபேசியா) சேதம் இன்னும் பெரிதாக இருக்க வேண்டும். மொழி ஓர் இடத்தில் குடியிருக்கும் பொருள் இல்லை. பல இடங்களும் அவற்றுக்கு நடுவே ஓடும் தடங்களும் சேர்ந்து செய்யும் வேலை அது.

அந்தத் தடங்களில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஆர்க்குவேட் கட்டு. பொட்டு மடலின் பின்பகுதியிலிருந்து கிளம்பி, சில்வியன் பிளவின் முனையை வளைத்துக்கொண்டு நெற்றி மடலுக்கு வரும் இழைக் கட்டு அது. இந்தப் பாதையோ அதன் ஓரத்தில், பொட்டு மடலும் உச்சி மடலும் சந்திக்கும் இடத்தில் இருக்கும் புறணியோ சேதமானால், புரிதல் ஓரளவு இருக்கும், பேச்சும் ஓடும், ஆனால் "நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள்" என்றால் தடுமாறுவார். இதுதான் கண்டக்‌ஷன் அஃபேசியா.

திருப்பிச் சொல்ல வைப்பது ஒரு எளிய சோதனை என்று தோன்றும். அது அசல் உடற்கூறியல் சோதனை. சில்வியன் பிளவைச் சுற்றி ஒரு வளையம் வரையுங்கள். ஹெஷல் மேடு, வெர்னிக்கி, ஆர்க்குவேட், ப்ரோகா எல்லாம் வளையத்துக்குள் வரும். திருப்பிச் சொல்வது கெட்டிருந்தால் சேதம் வளையத்துக்குள் இருக்கிறது என்று நினைக்கலாம். தானாகப் பேசத் திணறுகிறவர், அல்லது பேச்சே புரியாதவர், நீளமான வாக்கியத்தை மட்டும் கிளிப்பிள்ளை மாதிரி அழகாகத் திருப்பிச் சொல்கிறார் என்றால் வளையம் தப்பித்திருக்கிறது, சேதம் அதற்கு வெளியே. டிரான்ஸ்கார்ட்டிகல் என்று தொடங்கும் அந்தப் பயமுறுத்தும் பெயர்களுக்கெல்லாம் பொருள் இவ்வளவுதான்.

அடுத்து, தீர்மானித்த சொல் தசைகளுக்குப் போக வேண்டும். நடுப் பள்ளத்துக்கு முன்னால் இருக்கும் மேட்டில் உடல் தலைகீழாக வரையப்பட்டிருக்கிறது. கால் உச்சியில், இரு பாதிகளுக்கும் நடுவே மடிந்த உட்பக்கத்தில். கை பக்கவாட்டில். முகம், உதடு, நாக்கு எல்லாம் கீழே, சில்வியன் பிளவுக்குப் பக்கத்தில். பென்ஃபீல்டும் போல்ட்ரியும் 1937-ல் வெளியிட்ட வரைபடம் இது. விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் புறணியை மெல்லிய மின்சாரத்தால் தூண்டிக் கண்டுபிடித்தார்கள். உதடும் நாக்கும் தங்கள் அளவுக்குச் சம்பந்தமே இல்லாமல் பெரிய இடத்தைப் பிடித்திருக்கும். பேச்சுக்கு எவ்வளவு நுணுக்கமான அசைவு தேவை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இங்கிருந்து கிளம்பும் இழைகள் ஆழத்தில் இன்டர்னல் கேப்ஸ்யூல் என்ற குறுகலான கணவாய் வழியே இறங்கி மூளைத்தண்டில் இருக்கும் கபால நரம்புக் கருக்களை, அதாவது அந்த நரம்புகள் கிளம்பும் நரம்பணுக் கூட்டங்களை, அடைகின்றன. அதுவரை மேல் இயக்க நியூரான் (நரம்பணு). கருவிலிருந்து தசை வரை கீழ் இயக்க நியூரான். இந்த ஒரு பிரிவினையை நன்றாகப் பிடித்துக்கொண்டால் பாதி டிஸ்ஆர்த்ரியா, அதாவது பேச்சுத் தசைகளின் இயக்கம் கெட்டு வரும் பேச்சுக் குறைபாடு, புரிந்த மாதிரி. கீழ் நியூரான் போனால் தசை தளரும், இளைக்கும், நாக்கின் மேல் புழு நெளிவதுபோல் துடிப்பு தெரியும். மேல் நியூரான் போனால் தசை விறைக்கும்.

அப்புறம் ஒரு நல்ல செய்தி: பேச்சுத் தசைகளின் கருக்களில் பெரும்பாலானவற்றுக்கு மூளையின் இரு பாதிகளிலிருந்தும் கட்டளை வருகிறது. ஒரு பக்கம் போனாலும் மறுபக்கம் ஓரளவு தாங்கிக்கொள்ளும். விதிவிலக்கு, முகத்தின் கீழ்ப்பாதி. பெரும்பாலும் நாக்கும்தான். இவற்றுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்தே முக்கியமாகக் கட்டளை வருகிறது. அதனால் பக்கவாதத்தில் வாய் ஒரு பக்கம் கோணும், ஆனால் "புருவத்தைத் தூக்குங்கள்" என்றால் நெற்றி இரண்டு பக்கமும் சுருங்கும். ஏழாம் நரம்பே பாதிக்கப்படும் பெல்ஸ் பால்சியில் நெற்றியும் சேர்ந்து மழுமழுவென்று நிற்கும், கண்ணும் சரியாக மூடாது. இரு பக்க மேல் நியூரானும் சேதமானால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. விறைத்த, மெதுவான, நெரிபட்ட குரல் வரும், விழுங்குவது கெடும், சம்பந்தமில்லாமல் அழுகையோ சிரிப்போ பொங்கும்.

நாக்கையும் மெல்லண்ணத்தையும் சோதிக்கும்போது மாணவர்கள் திசையில் தடுமாறுவார்கள். நானும் முதல் முறை நோயாளியின் வலது, என் வலது இரண்டையும் குழப்பி, இடத்தை மாற்றி எழுதியிருக்கிறேன். காரணம் தெரிந்தால் குழப்பம் வராது. நாக்கு வெளியே நீளுவது தள்ளும் அசைவு. நல்ல பக்கம் தள்ளும், அதனால் நாக்கு பலவீனமான பக்கம் சாயும். "ஆ" சொல்லும்போது மெல்லண்ணம் ஏறுவது இழுக்கும் அசைவு. நல்ல பக்கம் தன் பக்கம் இழுக்கும், அதனால் உள்நாக்கு நல்ல பக்கம் போகும். தள்ளினால் நோய்ப் பக்கம், இழுத்தால் நல்ல பக்கம். குறிப்பேட்டில் எழுதும்போது "நோயாளியின் இடது" என்று முழுதாகவே எழுதுங்கள்.

பன்னிரண்டு கபால நரம்புகளில் பேச்சுக்கும் விழுங்குவதற்கும் ஐந்து, ஏழு, ஒன்பது, பத்து, பன்னிரண்டு அத்தியாவசியம். கேட்பதற்கு எட்டு. பதினொன்று கழுத்துக்கும் தோளுக்கும் உதவும். இவற்றை மனப்பாடம் செய்வதைவிட நம் எழுத்துகளைக் கொண்டே சோதித்துப் பாருங்கள். "பதக, பதக, பதக" என்று வேகமாகச் சொல்லச் சொல்லுங்கள். 'ப' உதட்டில் பிறக்கிறது, அது ஏழாம் நரம்பு. 'த' நாக்கின் நுனி, 'க' நாக்கின் பின்பகுதி, இரண்டும் பன்னிரண்டு. தாடை ஐந்தாம் நரம்பு. எது மழுங்குகிறது என்று கேட்டாலே எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். அதோடு, ஒவ்வொரு வல்லினமும் அதன் இன மெல்லினமும் வாயில் ஒரே முயற்சியில் பிறப்பவை என்று பள்ளியில் இலக்கணம் படித்திருப்பீர்கள். ப-ம, த-ந, ட-ண ஜோடிகளில் பெரிய வித்தியாசம் மெல்லண்ணம் ஏறி மூக்கு வழியை அடைக்கிறதா இல்லையா என்பதுதான். பத்தாம் நரம்பு பலவீனமாகி மெல்லண்ணம் ஏறவில்லை என்றால் காற்று மூக்கில் ஒழுகும், வல்லினம் மெல்லினமாகச் சரியும். "பட்டு" என்பது "மண்ணு" மாதிரி காதில் விழும். இதைக் கேட்கப் பழகிய காது எந்தக் கருவிக்கும் குறைந்ததில்லை.

பத்தாம் நரம்பான வேகஸ் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். குரல் நாண்களை இயக்கும் அதன் கிளை நேராகக் குரல்வளைக்குப் போவதில்லை. இடப்பக்கக் கிளை மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறி வருகிறது. வலப்பக்கக் கிளை சப்கிளேவியன் தமனியைச் சுற்றிச் சீக்கிரம் திரும்பிவிடுகிறது. இடது பாதை நீளம் என்பதால் அதற்கு ஆபத்தும் அதிகம். நுரையீரல் கட்டி, இதய அறுவை சிகிச்சை, தைராய்டு அறுவை சிகிச்சை இவற்றுக்குப் பின் குரல் கம்மிப்போவது இதனால்தான். காரணம் தெரியாமல் குரல் கம்மி சில வாரங்களாகியும் சரியாகாதவரை, குரல்வளையைக் காது-மூக்கு-தொண்டை மருத்துவர் பார்க்கும் முன் குரல் பயிற்சியில் உட்கார வைக்காதீர்கள். கம்மிய குரலின் காரணம் மார்புக்குள் இருக்கலாம்.

கட்டளை இறங்கும் நேர்ப்பாதைக்குப் பக்கத்தில் இரண்டு திருத்தச் சுற்றுகள் இருக்கின்றன. மூளையின் ஆழத்தில் இருக்கும் பேசல் கேங்லியா அசைவின் அளவையும் தொடக்கத்தையும் கவனிக்கிறது. பார்க்கின்சன் நோயில் குரல் தாழ்ந்து, ஏற்ற இறக்கம் இழந்து, சொற்கள் திடீரென்று ஓட்டமெடுக்கும். ஹண்டிங்டன் நோயில் வேண்டாத அசைவுகள் குறுக்கே பாய்ந்து பேச்சை வெட்டும். சிறுமூளை அசைவுகளின் நேரத்தையும் ஒருங்கிணைப்பையும் பார்க்கிறது. மூளையின் நியூரான்களில் பெரும்பாலானவை இந்தச் சின்ன உறுப்புக்குள்தான் இருக்கின்றன. இது கெட்டால் ஒவ்வோர் அசையும் ஒரே அழுத்தத்தில் விழும், தடுமாற்றம் ஒரு முறை ஓரிடத்தில், மறுமுறை வேறிடத்தில் வரும். குடித்துவிட்டுப் பேசுவதாகப் பழி சுமந்தவர்கள் உண்டு. டார்லி, ஆரன்சன், ப்ரவுன் மூவரும் 1969-ல் வெளியிட்ட டிஸ்ஆர்த்ரியா வகைப்பாடு இந்த அடிப்படையில்தான் நிற்கிறது: காதில் கேட்பதை வைத்து, நரம்பு மண்டலத்தில் எந்த இடம் என்று ஊகிப்பது.

ரத்த ஓட்டத்தை மாணவர்கள் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். என்னைக் கேட்டால் அதை முதல் வாரத்திலேயே படிக்கச் சொல்வேன், ஏனென்றால் பக்கவாதம் மடல்களைப் பார்த்து வருவதில்லை, ரத்தக் குழாயைப் பார்த்து வருகிறது. நடுப் பெருமூளைத் தமனி சில்வியன் பிளவுக்குள் நுழைந்து பக்கவாட்டுப் பரப்பு முழுவதும் கிளை பரப்புகிறது. அதன் மேல் கிளை ப்ரோகா பகுதிக்கும், முகமும் கையும் இருக்கும் இயக்க மேட்டுக்கும் ரத்தம் கொடுக்கிறது. அதனால்தான் ப்ரோகா அஃபேசியா உள்ளவருக்கு வலது கை தொங்குகிறது, வாய் கோணுகிறது, கால் அவ்வளவாகப் பாதிப்பதில்லை. கால் உட்பக்கத்தில் இருக்கிறது, அதற்கு ரத்தம் முன் பெருமூளைத் தமனியிலிருந்து வருகிறது. கீழ்க் கிளை வெர்னிக்கி பக்கம் போகிறது. அது மட்டும் அடைபட்டால் கை தப்பித்துவிடும். ஆனால் பார்வை நரம்பிழைகள் பொட்டு மடலுக்குள் வளைந்து செல்வதால் வலப்பக்கப் பார்வை, பெரும்பாலும் மேல் பாதி, போயிருக்கலாம். படம் காட்டிப் பெயர் கேட்கும்போது அட்டையை அவரது இடப்பக்கம் சற்று நகர்த்தி வையுங்கள். பார்வைக் குறையை மொழிக் குறையாகக் கணக்கெழுதிவிடக் கூடாது.

வலது பாதியை மறந்துவிட வேண்டாம். வலக்கைக்காரர்களில் 95 சதவீதத்துக்கும், இடக்கைக்காரர்களில் சுமார் 70 சதவீதத்துக்கும் மொழி இடது பாதியில் ஆட்சி செய்கிறது. ஆனால் குரலில் உள்ள கேலி, கோபம், குறிப்புப் பொருள், கதையின் மையக்கருத்து ஆகியவற்றைப் பிடிக்க வலது பாதி வேண்டும். அங்கே அடிபட்டவர் வாக்கியம் வாக்கியமாகச் சரியாகவே பேசுவார், பேச்சு மட்டும் எங்கோ போய்க்கொண்டிருக்கும். புத்தகப் பக்கத்தின் இடது ஓரத்தையே விட்டுவிட்டு வாசிப்பார்.

மூளை உறைகள், உள்ளறைகள், தண்டுவட நீர் இவற்றைத் தலைக்காயமும் ஹைட்ரோசெஃபலஸும் (மூளைக்குள் நீர் தேங்குவது) புரியும் அளவுக்குப் படித்தால் போதும். புறணியின் பகுதிகளைக் குறிக்கும் ப்ராட்மன் எண்களில் 4, 22, 39, 40, 41, 42, 44, 45 தெரிந்தால் ஆய்வுக் கட்டுரை வாசிக்கத் தடையிருக்காது.

படிக்கும் முறைக்கு வருகிறேன். வெள்ளைத் தாளில் இரண்டே படங்களைப் பார்க்காமல் வரையப் பழகுங்கள்: இடது பாதியின் பக்கவாட்டுத் தோற்றம் ஒன்று, நரம்புகள் வெளியேறும் இடங்களோடு மூளைத்தண்டு ஒன்று. தினம் ஒரு முறை வரைந்து, பிறகு ஒரு நோயாளியின் விவரத்தை எடுத்து எந்த இடம் என்று புள்ளி வையுங்கள்.

முதல் புள்ளிக்கு ஒரு விவரம் தருகிறேன். திடீரென்று தலைசுற்றல் வந்தவர். குரல் கம்மியிருக்கிறது. உள்நாக்கு வலது பக்கம் இழுபடுகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. ஆனால் பேசும் வாக்கியங்களில் ஒரு பிழை இல்லை, எல்லாம் புரிகிறது, நாக்கை நீட்டினால் நேராக வருகிறது. மொழி சரியாக இருப்பதால் புறணியை விட்டுவிடலாம். குரலும் மெல்லண்ணமும் கெட்டிருப்பதால் பத்தாம் நரம்பு. உள்நாக்கு நல்ல பக்கம் போகும் என்பதால் நோய் இடப்பக்கம். விழுங்குவதை ஒருங்கிணைக்கும் இடம் மூளைத்தண்டின் கீழ்ப்பகுதியான முகுளம். முகுளத்தில் பன்னிரண்டாம் நரம்பின் கரு நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறது, நாக்கு நேராக இருப்பதால் நடுப்பகுதி தப்பித்திருக்கிறது. அப்படியானால் புள்ளி, முகுளத்தின் இடது ஓரத்தில்.